வன்னியா, வேலிக்காத்தானா? ஒரு பாலைவன மரத்தை அடையாளம் காண அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகிறவர்கள் வழியில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். துபாயில் வேலை பார்ப்பவர்கள் வெள்ளிக்கிழமை மணல்மேட்டுப் பக்கம் போய்விட்டு அனுப்புகிறார்கள். சொந்த ஊர்க் கோயிலுக்குப் போனவர்கள் பிரகாரத்து மரத்தை அனுப்புகிறார்கள். "இது நம்ம ஊர் கருவேலம்தானே?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் அது கருவேலம் இல்லை, வன்னி. சில சமயம் வன்னி என்று நினைத்து அனுப்பியது சீமைக் கருவேலமாக, அதாவது வேலிக்காத்தானாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

வன்னி, கேஜ்ரி, காஃப், ஜம்மி: இவையெல்லாம் ஒரே மரமா?

ஆமாம், ஒரே மரம்தான். தமிழில் வன்னி, தெலுங்கில் ஜம்மி, கன்னடத்தில் பன்னி, சமஸ்கிருதத்தில் சமீ. ராஜஸ்தானில் கேஜ்ரி, பஞ்சாபிலும் அரியானாவிலும் ஜண்ட், சிந்துவில் கண்டி. அரபு நாடுகளில் காஃப். தாவரவியல் பெயர் புரோசோபிஸ் சினராரியா. பழைய புத்தகங்களில் புரோசோபிஸ் ஸ்பைசிஜெரா என்று இருக்கும், அதுவும் இதுவே. சினராரியா என்றால் சாம்பல் நிறம். மரத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று புரியும். பச்சையிலேயே ஒரு சாம்பல் பூத்தாற்போல இருக்கும்.

அரேபியத் தீபகற்பத்தில் தொடங்கி ஈரான், பாகிஸ்தான் வழியாகத் தார் பாலைவனம், அங்கிருந்து தக்காணத்து வறண்ட நிலங்கள், தமிழ்நாடு வரைக்கும் இதன் நடமாட்டம். ஆனால் இதன் தாய்வீடு எது என்று கேட்டால் நான் தாரைத்தான் சொல்வேன். மற்ற இடங்களில் அது ஒரு மரம். அங்கே அது ஊரையே தாங்குகிறது. ராஜஸ்தான் 1983ல் இதை மாநில மரமாக அறிவித்தது. தெலங்கானாவுக்கும் இதுதான் மாநில மரம், ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இதுதான் தேசிய மரம். அமீரகம் 2019ஐ சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது சின்னத்தில் இருந்ததும் காஃப் மரமே.

இது அவரை, துவரைக் குடும்பம் என்கிறார்களே, நம்பவே முடியவில்லையே?

காயைப் பிரித்துப் பாருங்கள், நம்பிவிடுவீர்கள். நீளமான ஒரு உறை, உள்ளே வரிசையாக விதை. மொச்சைக்கும் புளிக்கும் இருக்கும் அதே அமைப்பு. அந்தப் பெரிய குடும்பத்துக்குள் வன்னி இருக்கும் கிளையில் தொட்டாற்சுருங்கியும் கருவேலமும் வாகையும் இருக்கின்றன. இந்தக் கிளைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இரட்டைக் கூட்டிலை: ஒரு காம்பு, அதிலிருந்து சில துணைக்காம்புகள், ஒவ்வொரு துணைக்காம்பிலும் சீப்புப் பல் போல எதிரெதிராகக் குட்டி இலைகள். பூவில் இதழ் கண்ணுக்கே தெரியாது. நாம் பூ என்று பார்ப்பது மகரந்தத் தாள்களின் கூட்டத்தைத்தான்.

தூரத்தில் இருந்து பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவுக்குத்தான். வெட்டாமல் விட்ட வன்னிக்கு ஒரு நடுமரமும், அதிலிருந்து படர்ந்து நுனி கீழே சாயும் மெல்லிய கிளைகளும் இருக்கும். வயதான மரத்தின் பட்டை தடித்து, ஆழமாக வெடித்து, கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். சீமைக் கருவேலம் பெரும்பாலும் தரையிலிருந்தே நாலைந்து தண்டாகப் பிரிந்து புதராக நிற்கும். ஆனால் ஆடு மேய்ந்த வன்னிக் கன்றும் புதராகத்தான் இருக்கும். கவனிப்பாரற்று வளர்ந்த சீமைக் கருவேலமும் ஒற்றைத் தண்டு மரமாக ஓங்கி நிற்கும்.

இன்னொரு விஷயம். டிசம்பர், ஜனவரியில் ராஜஸ்தான் போனால் வயலெங்கும் கிளையே இல்லாத மொட்டைத் தண்டுகள், உச்சியில் முண்டு முண்டாக நிற்கும். செத்துப்போன மரங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தழைக்காகக் கழித்துவிட்ட கேஜ்ரிகள் அவை. மார்ச்சில் அதே முண்டுகளிலிருந்து தளிர் பிய்த்துக்கொண்டு வரும்.

சரி, உறுதியாகச் சொல்ல எதைப் பார்க்க வேண்டும்?

முள்ளை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு சாண் நீளத்துக்கு இளங்கிளை ஒன்றைப் பிடியுங்கள். அதில் இலைக்காம்பு எங்கெங்கே கிளையோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்துக்குக் கணு என்று பெயர். கரும்புக்கு இருக்கிறதே, அதே கணு. இப்போது முள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வன்னியில் முள் கணுவில் இருக்காது. இரண்டு கணுக்களுக்கு நடுவே, கிளையின் உடம்பில், ஒழுங்கில்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும். ரோஜாச் செடியின் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள்: அடி அகன்று, நுனி கூர்ந்து, கூம்பு மாதிரி, அரை சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். நேராக இருக்கும், அல்லது லேசாக வளைந்திருக்கும். ஜோடி கிடையாது.

சீமைக் கருவேலத்தில் முள் கணுவிலேயே இருக்கும். இலை புறப்படும் இடத்தில், இலைக்கு இரண்டு பக்கமும் ஜோடியாக, சில கணுவில் ஒற்றையாக. ஊசி போல மெல்லிசாக நீண்டிருக்கும், 5 சென்டிமீட்டர் வரைகூடப் போகும். செருப்பைத் துளைத்துக் காலில் ஏறுவது இந்த முள். கிளையும் ஒவ்வொரு கணுவிலும் திசை மாறி வளைந்து வளைந்து போகும்.

நாட்டுக் கருவேலத்திலும் முள் கணுவில்தான், ஜோடிதான். ஆனால் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்று. கணுவிலா, கணுக்களுக்கு இடையிலா? இடையில் என்றால் வன்னி என்று முக்கால்வாசி முடிவு செய்துவிடலாம். வயதான வன்னியின் மேல்கிளைகளில் முள் குறைந்துபோய்ச் சில சமயம் தேட வேண்டியிருக்கும். அப்போது அடிமரத்திலிருந்து புதிதாகக் கிளைத்த தளிர்க்கொம்பைப் பாருங்கள், அதில் கட்டாயம் இருக்கும்.

இலையை வைத்துச் சொல்லலாமா?

ஆட்கள் முதலில் அனுப்புவது இலைப் படம். எனக்கு அதில்தான் நம்பிக்கை குறைவு. வன்னியிலும் சீமைக் கருவேலத்திலும் ஒரு காம்புக்கு ஒன்றிலிருந்து மூன்று ஜோடித் துணைக்காம்புகள். வன்னியில் பெரும்பாலும் இரண்டு ஜோடி. அதில் குட்டி இலைகள் வன்னிக்கு 7 முதல் 14 ஜோடி, சீமைக் கருவேலத்துக்கு அதைவிடக் கூடலாம். சீமைக் கருவேலத்தின் குட்டி இலை நீண்டு ஒடுங்கி, கரும்பச்சையாக இருக்கும். வன்னியின் குட்டி இலை சிறியது, சற்றுத் தடித்தது, சாம்பல் பூத்தது, நுனியில் ஒரு சின்ன முனை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சொல்வது அனுபவசாலிக்கே சிரமம்.

நாட்டுக் கருவேலத்தை மட்டும் இலையிலேயே பிரித்துவிடலாம். அதற்குத் துணைக்காம்பு ஜோடிகள் அதிகம், குட்டி இலைகள் மிகவும் பொடி.

பூ இருந்தால்?

பூ இருந்தால் அதிர்ஷ்டம். வன்னிப் பூ கதிர்: விரல் நீளத்துக்கு மெல்லிசாக, வெளிர்மஞ்சள் நிறத்தில், திரி திரியாக இருக்கும். நாட்டுக் கருவேலம் என்றால் உருண்டை, பொன்மஞ்சள், ஜிமிக்கி மாதிரி. உருண்டையைப் பார்த்த உடனே வன்னி இல்லை என்று சொல்லிவிடலாம். சீமைக் கருவேலத்துக்கும் கதிர்தான், அதனால் அந்த இரண்டையும் பிரிக்கப் பூ உதவாது.

கையில் சின்னப் பூதக்கண்ணாடி இருக்கிறதா? அப்படியானால் கதிரிலிருந்து ஒரே ஒரு பூவைக் கிள்ளி எடுங்கள். கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். பத்து இருந்தால் வன்னி அல்லது அதன் உறவு. எண்ணவே முடியாமல் நார்நாராக இருந்தால் வேல மரங்களில் ஏதோ ஒன்று. பத்து என்று எண்ணி முடிக்கும்போது ஒரு சந்தோஷம் வரும், அது சொன்னால் புரியாது.

தார்ப் பக்கம் மார்ச் முதல் மே வரை பூக்கும். மற்ற மரமெல்லாம் வெயிலில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும்போது இது புதுத்தளிரும் பூவுமாக இருக்கும்.

காயை வைத்துப் பிரிப்பது எப்படி?

இது ரொம்ப எளிது. வன்னிக்காய் ஒல்லியானது, உருளை வடிவம், பென்சிலை விட மெலிசு, ஒரு சாண் நீளம் வரை கயிறு போலக் கொத்தாகத் தொங்கும். பழுத்தால் பழுப்பு நிறம், உள்ளே இனிப்பான சதை. சீமைக் கருவேலங்காய் தட்டை, அகலம் சுமார் ஒரு சென்டிமீட்டர், வைக்கோல் மஞ்சள், அரிவாள் மாதிரி லேசாக வளைந்திருக்கும். ஆடு விரும்பித் தின்னும், தின்ற இடத்திலெல்லாம் விதையைப் போட்டுவிட்டுப் போகும். அந்த மரம் பரவியதே அப்படித்தான். நாட்டுக் கருவேலங்காய் மணி கோத்த மாலை மாதிரி, ஒவ்வொரு விதைக்கும் நடுவில் இறுகி, சாம்பல் நிற வெல்வெட் போர்த்தியது போல இருக்கும்.

மரத்தில் உருண்டை உருண்டையாக ஏதோ தொங்குகிறது. அதுதான் காயா?

காய் இல்லை. அது முடிச்சு. கொசுவைவிடச் சிறிய ஈக்களும் கண்ணுக்குத் தெரியாத நுண்பேன்களும் இலையிலும் பூங்கதிரிலும் குடியேறும்போது மரம் அந்த இடத்தில் வீங்கிக்கொள்கிறது. வெட்டிப் பார்த்தால் உள்ளே விதை இருக்காது. கோயில் வன்னியில் இதைப் பார்த்துவிட்டு "மரம் அதிசயக் காய் காய்த்திருக்கிறது" என்று எனக்கு ஒரு படம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன். மரத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. வன்னியில் இந்த முடிச்சுகள் சர்வ சாதாரணம் என்பதால், பார்த்துப் பழகியவர்களுக்கு அதுவே ஒரு அடையாளம்.

வேறு எந்த மரங்களோடு குழம்புகிறார்கள்?

நம் ஊரில் விடத்தேரையோடு. சில ஊர்களில் விடத்தலை என்பார்கள். இலை ஒத்துப்போகும், மரமும் முள்மரம். ஆனால் அதில் முள் தனியாக வளராது. பக்கக் கிளையின் நுனியே கூர்ந்து முள்ளாகியிருக்கும். பூ பூத்தால் குழப்பமே இல்லை: தொங்கும் கதிரில் மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். காய் சுருண்டு சுருண்டு கொத்தாக இருக்கும்.

தாரில் என்றால் இரண்டு பேர். ஒன்று குமட், கோந்துக்குப் பேர்போன மரம். அதில் கணுவுக்கு மூன்று முள், மூன்றும் கொக்கி. பக்கத்து இரண்டும் மேல்நோக்கி, நடுவில் உள்ளது கீழ்நோக்கி. இன்னொன்று இஸ்ரேலி பபூல் என்று அங்கே சொல்லும் மரம், குடை விரித்தாற்போலத் தலை தட்டையாக இருக்கும். மணல் நகராமல் தடுக்க வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது. அதில் நீள வெள்ளை முள்ளும் குட்டைக் கொக்கி முள்ளும் ஒரே கிளையில் கலந்திருக்கும். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் அதைப் பார்த்தால் ஊர் உடைமரம் என்றே நினைப்பார்கள். குடை வடிவம் அப்படி.

சீமைக் கருவேலமும் வன்னியும் அண்ணன் தம்பி என்கிறார்களே?

நெடுங்காலம் இரண்டையும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் அந்தக் குடும்பக் கதையை மாற்றிவிட்டன. 2022ல் பேரினத்தைப் பிரித்தார்கள். வன்னியும் அதன் மேற்காசிய உறவுகள் இரண்டும் மட்டும் புரோசோபிஸ் என்ற பெயரோடு தங்கின. சீமைக் கருவேலம் உள்பட அமெரிக்கக் கண்டத்து மரங்களில் பெரும்பாலானவை நெல்டுமா என்ற பேரினத்துக்குப் போயின. புதிய புத்தகத்தில் நெல்டுமா ஜூலிஃப்ளோரா என்று பார்த்தால் அது நம் வேலிக்காத்தான்தான். ஆக, அண்ணன் தம்பி இல்லை, தூரத்துப் பங்காளி. முள் வேறு வேறு இடத்தில் இருப்பதற்கும் இந்தப் பிரிவுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

சீமைக் கருவேலம் இந்தியாவுக்கு வந்தது 1870களில். ஜோத்பூர் சமஸ்தானம் 1940ல் அதை அரச மரியாதைக்குரிய செடி என்று அறிவித்து வளர்த்தது. பாலைவனம் பச்சையாக வேண்டும் என்ற ஆசை. தமிழ்நாட்டில் விறகுத் தேவைக்காகப் பரப்பினார்கள். பரப்பிய கைகளே இப்போது வெட்டுகின்றன; 2017ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இதை அகற்றச் சொன்னது. ராஜஸ்தானிகள் இதை விலாயதி பபூல் என்கிறார்கள். விலாயதி என்றால் சீமை, பபூல் என்றால் கருவேலம். ஒருவரைப் பார்த்து ஒருவர் வைக்காத பெயர், அப்படியே அச்சு அசலாக ஒத்துப்போகிறது. குஜராத்தியில் இன்னும் ஒரு படி மேலே போய் காண்டோ பாவள், அதாவது பைத்தியக்காரக் கருவேலம்.

நான் இந்தப் பக்கத்தை எழுத முக்கியக் காரணமும் இதுதான். மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும்போது, முள் இருக்கிறது, சாம்பல் பச்சையாக இருக்கிறது என்பதற்காக வன்னியும் சேர்ந்து போய்விடக் கூடாது. ஒரு நிமிடம் கிளையைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

மழையே இல்லாத இடத்தில் எப்படிப் பச்சையாக நிற்கிறது?

ஜெய்சல்மேர் பக்கம் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைத் தொட்டாலே பெரிது. வறட்சிக்குப் பேர்போன ராமநாதபுரத்தில்கூட அதைப்போல நாலு மடங்கு பெய்யும். அங்கே மே மாதத்தில், 45 டிகிரி வெயிலில், கேஜ்ரி தளிர்விட்டு நிற்கிறது.

ரகசியம் கீழே இருக்கிறது. இதன் ஆணிவேர் 30 மீட்டர் ஆழம் வரை இறங்கக்கூடியது. பத்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகப் புதைத்தது போல. மேல்மண்ணில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற கவலை அதற்கு இல்லை. கன்றாக இருக்கும்போதே மேலே வளர்வதை ஒத்திவைத்துவிட்டு வேரைத்தான் முதலில் இறக்கும். அதனால்தான் நட்டு இரண்டு வருடமாகியும் முழங்கால் உயரம்கூட வரவில்லை என்று புலம்புகிறார்கள். அது சும்மா இருக்கவில்லை, வேலை வேறு இடத்தில் நடக்கிறது.

மேலேயும் சில ஏற்பாடுகள் உண்டு. குட்டி இலை என்பதால் சூடு தங்காது, காற்று பட்டதும் ஆறிவிடும். இலையின் மேல் மெழுகுப்பூச்சு நீராவியைத் தடுக்கிறது. சாம்பல் நிறம் வெயிலைத் திருப்பி அடிக்கிறது.

பஹ்ரைனில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஜபல் துக்கான் பக்கம், சுற்றிலும் வெறும் மணலாக இருக்கும் இடத்தில் தன்னந்தனியாக ஒரு மரம் நிற்கிறதே, ஷஜரத் அல் ஹயாத், உயிர் மரம் என்று. அது இந்த வன்னிதான். சுமார் 10 மீட்டர் உயரம், 400 ஆண்டு வயது என்கிறார்கள். விடுமுறையில் போனால் முள் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ராஜஸ்தானில் வயலுக்கு நடுவிலேயே மரத்தை விட்டுவைத்திருக்கிறார்களே, பயிருக்கு நிழல் அடிக்காதா?

நம் ஊரில் வயலில் மரம் நின்றால் முதலில் அதைத்தான் வெட்டுவோம். அங்கே கேஜ்ரிக்கு அடியில் கம்பு நன்றாக வரும் என்பது பாட்டன் காலத்துப் பாடம். காரணம் பலது. வேர் ஆழத்தில் இருப்பதால் பயிரின் தண்ணீருக்குப் போட்டி போடாது. பயறுக் குடும்பத்து மரம் என்பதால் வேர்முண்டில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. உதிரும் இலை எருவாகிறது. பகல் வெயிலில் ஆடும் ஒட்டகமும் அதன் நிழலில் படுத்து வேறு எரு போட்டுவிட்டுப் போகும். குளிர்காலத்தில் கிளையைக் கழித்துவிடுவதால் நிழல் பிரச்சினையும் பாதி தீர்ந்துபோகிறது. கழித்த தழையைக் காயவைத்து உதிர்த்தால் லூங். கோடையில் கால்நடைக்கு அதுதான் தீனி, குச்சி அடுப்புக்கு.

இப்போது நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. டிராக்டர் உழும்போது இளங்கன்றுகள் தப்புவதில்லை. வேரழுகல் பூஞ்சையும் வேரைக் குடையும் வண்டும் சேர்ந்து வளர்ந்த மரங்களையே காயவைக்கின்றன. அப்புறம் சூரிய மின்சாரப் பண்ணைகளுக்காகக் கேஜ்ரிகளை வெட்டுகிறார்கள் என்று பீகானேர்ப் பக்கத்து மக்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். பசுமை மின்சாரத்துக்குப் பச்சை மரத்தை வெட்டுவது என்ன கணக்கோ.

காயைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். பிஞ்சுக்காய்க்கு சாங்ரி என்று பெயர். ஏப்ரல், மே மாதங்களில் முற்றுவதற்குள் பறித்து, அவித்து, வெயிலில் உலர்த்திவிடுவார்கள். நம் வீட்டில் கொத்தவரை வற்றல் போடுகிறோமே, அதேதான்; பார்க்கவும் அப்படியே இருக்கும், இன்னும் மெல்லிசாக. கேர் என்ற முள்புதரின் காயோடு சேர்த்து, ஊறவைத்து, எண்ணெயும் மிளகாயும் மாங்காய்ப்பொடியும் போட்டு வதக்கினால் கேர் சாங்ரி. கம்பு ரொட்டிக்கு அது. கூடவே குமட் விதை முதலியவற்றையும் போட்டு ஐந்து பொருளாக்கினால் பஞ்ச்கூட்டா. வறுமைக் காலத்துச் சாப்பாடு இன்று கல்யாண விருந்துக்கு வந்துவிட்டது. முதல் முறை வாங்கும்போது விலையைக் கேட்டு நான் முந்திரிக் கடைக்குத் தவறிப் போய்விட்டேனோ என்று பார்த்தேன்.

பழுத்து உதிர்ந்த காயைக் குழந்தைகள் அப்படியே சப்பித் தின்பார்கள், கோகா என்று பெயர். 1868-69 பெரும் பஞ்சத்தில் இதன் பட்டையை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டு உயிர் பிழைத்தார்கள்.

ஒரு எச்சரிக்கை: அடையாளம் உறுதியாகாமல் எந்த மரத்துக் காயையும் வாயில் வைக்காதீர்கள்.

இந்த மரத்துக்காக உயிரைக் கொடுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1730ல், ஜோத்பூருக்குப் பக்கத்தில் கேஜட்லி என்ற ஊரில். கேஜ்ரி நிறைந்த ஊர் என்பதால் அந்தப் பெயர். மகாராஜா அபய் சிங்குக்கு அரண்மனை வேலை. சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டும். ஆட்கள் கோடரியோடு வந்தார்கள். ஊர் பிஷ்னோய் ஊர். பிஷ்னோய் என்றால் இருபதும் ஒன்பதும், அதாவது ஜம்போஜி என்ற குரு 1485ல் வகுத்த 29 நெறிகளைப் பின்பற்றுகிறவர்கள். பச்சை மரத்தை வெட்டாதே என்பது அதில் ஒன்று. அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டார். தலையைக் கொடுத்து மரம் பிழைத்தால் அதுவும் மலிவுதான் என்று சொன்னதாக அங்கே இன்றும் சொல்கிறார்கள். அவரை வெட்டினார்கள். பின்னாலேயே அவருடைய மூன்று மகள்கள். சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மொத்தம் 363 பேர். சேதி கேட்டு ராஜா நிறுத்தச் சொன்னார்.

இதை மரம் அடையாளம் காணும் பக்கத்தில் எதற்கு எழுதுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். அந்த 363 பேருக்கும் அது எந்த மரம் என்று தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டில் எங்கே பார்க்கலாம்?

கோயிலில் தேடுங்கள். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலுக்குத் தலமரம் வன்னி. இன்னும் பல சிவன் கோயில்களிலும் உண்டு. தேவாரத்தில் சிவபெருமான் கொன்றை, ஊமத்தையோடு வன்னியையும் சூடிக்கொள்வார். மதுரையில் வன்னியும் கிணறும் லிங்கமும் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குச் சாட்சி சொல்ல வந்த கதை திருவிளையாடலில் கடைசிப் படலம். மீனாட்சியம்மன் கோயிலில் அதைக் காட்டுவார்கள். மணிமேகலையில் சுடுகாட்டை விவரிக்கும்போது வன்னி நிற்கும் மன்றம் ஒன்று வரும். சிவன் தலையிலும் இருக்கிறது, சுடுகாட்டிலும் இருக்கிறது.

விஜயதசமிக்கு வன்னி முக்கியம். பாண்டவர்கள் அஞ்ஞாதவாசத்தின்போது ஆயுதங்களை ஒளித்துவைத்தது வன்னி மரத்தில்தான் என்பது பாரதக் கதை. பல கோயில்களில் அன்று சாமி புறப்பட்டுப் போய் வன்னியில் அம்பு போடுவார். கர்நாடகத்தில் அந்த இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். மகாராஷ்டிரத்தில் அன்று தங்கமாகக் கொடுப்பது ஆப்டா இலை. அது நம் ஆத்தி, இலை நடுவில் பிளந்து ஒட்டகக் குளம்பு மாதிரி இருக்கும். அதுவும் பயறுக் குடும்பம்தான்.

கோயில் மரத்தில் கிளையை ஒடிக்காதீர்கள். முள்ளைப் பார்க்கக் கண்ணே போதும்.

நாற்றங்காலில் வன்னி என்று கொடுப்பதை நம்பலாமா?

நான் நம்பி வாங்கினேன். ஆசையாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். விறுவிறுவென்று வளர்ந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் வருடம் பூத்தது: மேலே இளஞ்சிவப்பு, கீழே மஞ்சள். விடத்தேரை. மரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை, இன்னும் தோட்டத்தில்தான் நிற்கிறது.

கன்று வாங்கும்போது பையிலிருக்கும் பெயர்ச்சீட்டைப் படிக்காதீர்கள், தண்டைப் பாருங்கள். வன்னிக் கன்றில் முள் சின்ன வயதிலேயே இருக்கும், நான் சொன்ன ரோஜா முள் போலக் கணுக்களுக்கு நடுவில். பை சின்னதாக, கன்று ரொம்ப நாளாக அதிலேயே இருந்தால் வாங்க வேண்டாம். ஆணிவேர் பைக்குள்ளேயே சுருண்டிருக்கும், பிறகு நேராவது கஷ்டம்.

விதை போட்டு வளர்க்கலாமா?

தாராளமாக. விதைத்தோல் கெட்டி. கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஒரு நாள் ஊறவிட்டால் முளைக்கும். உயரமான பையில் போடுங்கள், சீக்கிரம் மண்ணுக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு மூன்று வருடம் ஆட்டிடமிருந்து காப்பாற்றினால் போதும், பிறகு அது பார்த்துக்கொள்ளும்.

செல்போன் செயலியில் படம் போட்டால் சொல்லிவிடாதா?

சொல்லும், நம்பிக்கையோடு தப்பாகவும் சொல்லும். செயலிக்கு இலைப் படத்தைத்தான் எல்லோரும் கொடுக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் இலைதான் மோசமான சாட்சி என்று மேலே பார்த்தோம். ஒரே மரத்தை மூன்று கோணத்தில் எடுத்துப் போட்டு மூன்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

உங்களுக்குப் படம் அனுப்ப வேண்டுமென்றால் எப்படி எடுப்பது?

முழு மரம் ஒன்று, பட்டை ஒன்று, பூவோ காயோ இருந்தால் அது ஒன்று. ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும், வண்டி ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார் என்றால் இளங்கிளையை எடுங்கள். ஒரு சாண் நீளம், குறைந்தது மூன்று இலைக்காம்பின் அடி தெரிய வேண்டும், பின்னால் வானமோ உள்ளங்கையோ இருந்தால் முள் எடுப்பாகத் தெரியும். அளவுக்குப் பக்கத்தில் விரலை வையுங்கள். ஊர்ப் பெயரையும் மாதத்தையும் எழுத மறக்காதீர்கள். விரல் குத்திக்கொண்டால் எவ்வளவு ஆழம் போனது என்பதையும் எழுதுங்கள். தோலைக் கீறிவிட்டு நின்றிருந்தால் வன்னிப் பக்கம் யோசிக்கலாம், எலும்பைத் தொட்டுவிட்டு வந்தது போல இருந்தால் பெரும்பாலும் வேலிக்காத்தான்.